பி.டி.40-ஆ, எச்.எஸ்.கே. ஏ63-ஆ?

சி.என்.சி. மில்லிங் மெஷினில் வெட்டும் டூலைப் பிடித்து, சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் பொருந்தும் ஹோல்டரில் இவை இரண்டு வகை. பி.டி.40 ஹோல்டரின் டேப்பர் (கூம்புச் சரிவு) 7/24. ஹோல்டரின் வால் முனையிலுள்ள புல் ஸ்டட்டை (குமிழ்) ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் டிராபார் (இழுகம்பி) இழுக்கும்போது டேப்பர் மட்டுமே ஸ்பிண்டிலில் உட்காரும்; ஃபிளாஞ்சுக்கு (விளிம்பு வளையம்) மேல் இடைவெளி இருக்கும். வேகம் ஏறினால் ஸ்பிண்டில் வாய் விரியும், ஹோல்டர் உள்ளே ஏறும், இசட் அளவு (டூல் முனையின் உயரம்) மாறும். நிறுத்தியதும் வாய் சுருங்கி டூலைக் கவ்விக்கொள்ளும், கழற்றுவது பெரும்பாடு.

எச்.எஸ்.கே.யின் டேப்பர் 1:10, உள்ளே குடைவாக இருக்கும். கவ்விகள் உள்ளிருந்து விரிந்து பிடிப்பதால், வேகம் கூடக் கூடப் பிடி இறுகும். டேப்பரோடு ஃபிளாஞ்சின் முகமும் சேர்ந்து உட்காரும், இசட் நகராது. ஆனால் அந்த முகத்தில் மெல்லிய சிப் (உலோகச் சீவல்) ஒன்று ஒட்டினாலே ரன்அவுட் (டூல் மையம் விலகிச் சுழல்வது) வந்துவிடும்.

10,000 ஆர்.பி.எம்.முக்குள் ஸ்டீல் வெட்ட பி.டி.40 தாராளம், ஹோல்டரும் மலிவு. டிராபார் ஸ்பிரிங்கின் இழுவிசையை மட்டும் கேஜ் வைத்து அவ்வப்போது பாருங்கள். தளர்ந்திருந்தால் டேப்பரில் செம்பழுப்புத் தழும்பு விழும். 15,000-க்கு மேல் அலுமினியம் என்றால் எச்.எஸ்.கே.தான்.