பட்ட வடிவ வாழ்த்து அட்டை: மடிப்பதா, வெட்டுவதா?

பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ பட்ட வடிவில் ஓர் அட்டையைக் கையாலேயே செய்ய இரண்டு வழிகள் உண்டு. சதுரத் தாளை மூலையிலிருந்து மடித்துப் பட்டமாக்குவது ஒன்று. கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, பட்ட வடிவ மாதிரித் தாளை மேலே வைத்து வெட்டுவது இன்னொன்று. திறந்ததும் உள்ளே பட்டம் எழுந்து நிற்கும் அட்டையும் இருக்கிறது. அது பட்டம் உள்ள அட்டையே தவிர, பட்டமே அட்டை ஆகாது. அதை இங்கே எடுக்கவில்லை. எங்கள் ஓட்டு மடிப்புக்குத்தான்.

காரணம் முதலில் வடிவம். 15 செ.மீ. சதுரம் ஒன்றை மூலைவாக்கில் வையுங்கள். கீழ் மூலை வால் நுனி, மேல் மூலை தலை. வாலை ஒட்டிய இரண்டு விளிம்புகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால், 21.2 செ.மீ. நீளமும் 12.4 செ.மீ. அகலமும் உள்ள பட்டம் கிடைக்கும். மடிந்து வந்த இரண்டு பக்கங்களும்தான் அட்டையின் கதவுகள். அவை சந்திக்கும் கோடு பட்டத்தின் நடுக்குச்சி மாதிரி நிற்கும். கதவுகளின் மேல் விளிம்பு இரண்டும் ஒரே நேர்கோட்டில் குறுக்கே அமர்ந்து வில்குச்சி ஆகிவிடும். ஈர்க்குச்சி ஒட்ட வேண்டாம், கோடு வரைய வேண்டாம். தலைப்பக்கத்து முக்கோணம் மட்டும் ஒற்றைத் தாளாகத் தெரியும். அங்கே வேறு நிற கிளேஸ் பேப்பரை ஓரத்தில் 2 மி.மீ. விட்டு ஒட்டினால் போதும், அந்த இடத்தில் மடிப்பே இல்லாததால் விரியாது. கதவைத் திறந்தால் முழுச் சதுரமும் எழுத இடம்.

ஆனால் இந்த அட்டை வெல்வதும் தோற்பதும் ஒரே ஓர் இடத்தில்: மூடினால் மூடியே இருக்குமா? முதன்முதலாகச் செய்கிறவர்களின் அட்டையில் ஒரு கதவு படுத்திருக்கும், மற்றது வாய் பிளந்து நிற்கும். மடிப்பில் வெள்ளைக் கோடும் விழும். பழியைத் தாளின் தரத்தின் மேல் போடுவார்கள். பெரும்பாலும் தப்பு தாளில் இல்லை, சதுரத்தை வெட்டிய திசையில் இருக்கிறது.

இயந்திரத்தில் ஓடிவந்த தாளில் நார்கள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். நாரோட்டத்தோடு மடித்தால் பணியும். குறுக்கே மடித்தால் நார் உடைந்து வெளுக்கும், திமிறிக்கொண்டு திறக்கும். நம் அட்டையில் இரண்டு மடிப்புகள், வால் நுனியிலிருந்து 45 பாகை விரிந்து போகின்றன. சார்ட் தாளின் ஓரத்தை ஒட்டி நேராகச் சதுரம் வெட்டினால் ஒரு மடிப்பு நாரோட்டத்துக்கு 22.5 பாகையில் விழும், மற்றது 67.5 பாகையில். ஒரு கதவு சொன்னபடி கேட்டு மற்றது முரண்டு பிடிப்பது இதனால்தான். சதுரத்தையே சாய்த்து, அதன் நடுக்கோடு நாரோட்டத்தின் மேல் விழும்படி வெட்டுங்கள். இரண்டு மடிப்புக்கும் 22.5 பாகைதான் வரும். இரண்டும் ஒன்றுபோலப் படுக்கும்.

நாரோட்டம் பார்க்க, தாளிலிருந்து நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றும் ஒரே அளவுக் கீற்று வெட்டி, நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதிகம் தொய்வது நாரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டியது. சாய்த்து வெட்டினால் தாள் வீணாகாதா என்றால், கொஞ்சம் ஆகும்: 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றில் நேராக வெட்டினால் 12 சதுரம், சாய்த்து வெட்டினால் 10. அந்த இரண்டு அட்டை நட்டம் தாங்கத்தக்கது.

மடிப்புக்கு 100 முதல் 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். நடுக்கோட்டைப் பென்சிலால் லேசாகக் குறியுங்கள், அழுத்தி மடித்துவிடாதீர்கள். அந்தத் தடம் பிறகு தானாக மடங்கத் தொடங்கும். தலை மூலையிலிருந்து இருபக்க விளிம்பிலும் 8.8 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். வால் நுனியிலிருந்து அந்தப் புள்ளிகளுக்கு ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் கோடு இழுங்கள். கோடு இழுத்த பக்கம் மடிப்பின் வெளிப்பக்கமாக வரவேண்டும். உள்ளே வந்தால் வெளி நார்தான் இழுபடும். மடிப்பை விரலால் தேய்க்காமல் கரண்டியின் முதுகால் வாலிலிருந்து தலை நோக்கித் தேய்க்கவும். பிறகு ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் அரை மி.மீ. சீவிவிடுங்கள். கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அட்டை தட்டையாகப் படுக்காது.

வெட்டும் முறைக்கு வருவோம். அதன் பலம் கெட்டித்தன்மை. 220 முதல் 250 ஜிஎஸ்எம் வரை போகலாம், உள்ளே படம் ஒட்டலாம், மடிப்பு ஒன்றே என்பதால் நாரோட்டத்தை அதற்கு நேராக வைப்பதும் எளிது. தொல்லை, பட்டத்தின் நான்கு விளிம்பில் எதைக் கீலாக வைப்பது என்பதில் வரும். தலைப்பக்கத்துக் குட்டை விளிம்பை வைத்தால் கீல் 8.8 செ.மீ.தான், நீண்ட வால் பகுதியின் பாரத்தில் மேல் அட்டை கோணலாகத் தொய்யும். வால்பக்கத்து நீள விளிம்பை வைத்தால் 16.2 செ.மீ. கீல் கிடைக்கும், நிற்கும். ஆனால் திறந்தால் இரண்டு பட்டம் சாய்ந்து ஒட்டிக்கிடக்கும், வாசகம் சரிந்து தெரியும். கத்தரியால் வெட்டும்போது இரண்டு அடுக்கும் நழுவும். கிளிப் போட்டுக் கத்தியால் வெட்டுவதே சரி. நூறு, இருநூறு என்று வேண்டுமானால் தயங்காமல் இதையே எடுங்கள். மதுரையிலோ சிவகாசியிலோ அச்சகத்தில் டை (வடிவத்தை ஒரே அழுத்தில் வெட்டும் அச்சு) போட்டு வெட்டி வாங்கலாம். மடிப்பு முறையில் ஒவ்வொன்றும் கை வேலை.

கைத்தயாரிப்புத் தாளில் நாரோட்டம் பெரிதாகத் தெரியாது, இரண்டு முறைக்கும் இடம் கொடுக்கும். ஆனால் கட்டுக்குக் கட்டு தடிமன் மாறும். ஒரு துண்டை மடித்துப் பார்த்த பிறகு சதுரம் வெட்டவும்.

பசையில் கவனம். சுவரொட்டிக்கு ஆகிற மைதாப் பசை இதற்கு ஆகாது. நீர் இறங்கித் தாள் நெளியும், மார்கழிப் பனியில் காயவும் நேரமாகும். பசைக்குச்சி அல்லது இருபக்க டேப் நல்லது. ஒட்டியதும் நோட்டுப் புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.

வால் நுனியை 3 மி.மீ. வெட்டிவிட்டால் கசங்காது. தையற்கடையில் விழும் சுங்குடித் துண்டில் ஒரு செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம் எடுத்து, உட்பக்கத்தில் ஒட்டினால் வால் தயார். தபாலில் போகிற அட்டைக்கு வாலில் முடிச்சு வேண்டாம். உறைக்குள் புடைத்து, முத்திரை விழும் இடத்தில் கிழியும். அளவையும் குறையுங்கள். 15 செ.மீ. சதுரப் பட்டம் 11 × 5 அங்குல உறையில் இடித்துக்கொண்டுதான் போகும். 13 செ.மீ. சதுரம் எடுத்தால் 18.4 × 10.8 செ.மீ. ஆகிறது, 10 × 4.5 அங்குல உறைக்குள் வாலை ஒரு சுற்றுச் சுற்றித் தாராளமாக வைக்கலாம். அந்த அளவுக்குத் தலை மூலையிலிருந்து விளிம்பில் குறிக்க வேண்டிய தூரம் 8.8 அல்ல, 7.6 செ.மீ.