அழகியா, ஆட்டோகிராஃபா, 96ஆ: ஒரு கடலூர்ப் பஞ்சாயத்து

கடலூரில் நான்கு பேர் உட்கார்ந்து 'கட்டாயம் பார்க்க வேண்டிய தமிழ்ப்படம் எது' என்று ஆரம்பித்தால் முதல் சுற்று 'நாயகன்', 'தளபதி', 'தேவர் மகன்' என்றுதான் போகும். அந்தச் சுற்றில் புதிதாகப் பேச ஒன்றும் இல்லை. அவரவர் ஓட்டைச் சின்ன வயதிலேயே போட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் மஞ்சக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் தவறாமல் 'உன்னைப்போல் ஒருவன்' என்பார். கமல் படம் இல்லை, 1965இல் ஜெயகாந்தன் எடுத்தது. ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் என்பதால் இது பெரியவருக்கு வீட்டு விஷயம். நாங்கள் மரியாதையாகத் தலையாட்டுவோம். எங்களில் ஒருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

குரல் உயர்வது இரண்டாவது சுற்றில்தான். பள்ளிக்கூடத்தில் முளைத்த காதலை நடுவயதில் திரும்பிப் பார்க்கும் படங்களில் எது மேல்? தங்கர் பச்சானின் 'அழகி' (2002), சேரனின் 'ஆட்டோகிராஃப்' (2004), பிரேம்குமாரின் '96' (2018). யாராவது ஒருவர் 'அழியாத கோலங்கள்', 'பன்னீர் புஷ்பங்கள்' என்று இழுப்பார். நல்ல படங்கள்தான். ஆனால் அவை பையன்களின் கதையைப் பையன்களின் காலத்திலேயே சொல்பவை. இங்கே போட்டி வேறு: நாற்பதை நெருங்கும்போது பழையது எதிரில் வந்து நின்றால் என்ன செய்வாய் என்பது.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு சார்பு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கர் பச்சான் பண்ருட்டிக்குப் பக்கத்துப் பத்திரக்கோட்டைக்காரர். "எங்கூரு ஆளு எடுத்த படத்த எங்கூர்லயே உட்டுக்குடுப்பியா?" என்று நெல்லிக்குப்பத்து நண்பன் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள். புதுச்சேரியில் இருந்து வரும் நண்பர்தான் அடங்கமாட்டார். அவர் '96' கட்சி. "ஊர் பாத்துப் படம் பாக்கறதுன்னா பலாப்பழத்தையே பாத்துக்கினு இருங்க" என்பார்.

ஊர்ப்பாசத்தைத் தள்ளி வைத்தே பார்ப்போம்.

மூன்றிலும் சுலபமாக மனதில் ஒட்டுவது 'ஆட்டோகிராஃப்'. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் புறப்படும் செந்தில், ரயிலில் உட்கார்ந்து நம்மைப் பார்த்தே பேசுகிறான். பள்ளியில் கமலா, கேரளத்தில் லத்திகா, பிறகு தோழியாக திவ்யா. ஒவ்வொரு காலத்துக்கும் வேறு வேறு ஒளிப்பதிவாளர். ரவிவர்மன், விஜய் மில்டன், துவாரகநாத், சங்கி மகேந்திரன் என்று நான்கு பேர். அந்த யோசனை படத்துக்கு உண்மையிலேயே உதவியிருக்கிறது. கிராமத்து வெயிலும் கேரளத்து ஈரமும் ஒரே ஆளின் நினைவில் வேறு வேறு நிறத்தில் இருக்கின்றன. 'ஒவ்வொரு பூக்களுமே' பாட்டுக்காகப் பா. விஜய்க்கும் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாட்டு எங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளி ஆண்டு விழாக்களில் ஒலித்திருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் படத்தின் தாராளமே அதன் பலவீனமும். எல்லாரும் செந்திலின் கல்யாணத்துக்கு வந்து சேர்கிறார்கள். யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. மணப்பெண் தேன்மொழியைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் கொஞ்சம். பழைய காதலிகள் வரிசையாக வந்து வாழ்த்தும் மண்டபத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியிருக்கும்? படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செந்திலின் நினைவுக்கு ஒரு விலையும் கிடையாது. பத்திரிகையோடு சேர்த்து இலவசம். இதைச் சொன்னால் முதுநகர்த் தம்பிக்கு முகம் சுருங்கும். "அண்ணே, அவரு மனச தெறந்து சொல்றாரு, அது போதாதா?" என்பான். மனதைத் திறந்து சொல்வது பெரிய விஷயம்தான். கேட்பவருக்கும் ஒரு மனது உண்டு என்பதுதான் என் குறை.

'96' வேறு ரகம். அதில் எல்லாமே அளவு. தஞ்சாவூர்ப் பள்ளி, 1996ஆம் ஆண்டு படித்து முடித்த மாணவர்கள், 22 வருடம் கழித்துச் சென்னையில் ஒரு சந்திப்பு, மிச்சம் ஒரே ஓர் இரவு. ராம் ஊர் சுற்றும் புகைப்படக்காரன், ஜானு சிங்கப்பூரில் இருந்து வருகிறாள். பிரேம்குமாரும் தங்கர் பச்சானைப் போலவே ஒளிப்பதிவில் இருந்து இயக்கத்துக்கு வந்தவர். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. தங்கருக்குக் 'காதல் கோட்டை', 'பாரதி'. இரண்டு ஒளிப்பதிவாளர்கள் தங்கள் முதல் படமாக ஒரே விஷயத்தைத் தொட்டு, இவ்வளவு வேறான இடங்களுக்குப் போனதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

'யமுனை ஆற்றிலே' விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'தளபதி'யில் சில நிமிடங்களே வரும் அந்தப் பாட்டைப் பாடும்படி பள்ளி நாட்களில் இருந்து ராம் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவள் பாடவே மாட்டாள். கடைசியில் அவன் வீட்டில் கரண்டு போகும்போது இருட்டில் பாடுகிறாள். 22 வருடக் கடனை ஒரு மின்வெட்டில் தீர்க்கும் திரைக்கதை. பாண்டி நண்பர் இந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார், இனி என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது போல. சொல்ல ஒன்றும் இருக்காது. அந்தக் காட்சிக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்.

அதே வருடம் சாதிக் கொடுமையைப் பேசும் 'பரியேறும் பெருமாள்' வந்தது, '96'க்கு ஆறே நாள் முன்பு. கூட்டத்திலேயே இளையவன், கல்லூரியில் படிப்பவன், இந்தப் போட்டியே பிடிக்காமல் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுவான். "நீங்கல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு அழற காதலு, சில பேருக்குப் பேசறதுக்கே வழியில்லாத காதலு." அவன் சொல்வதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் சட்டென்று 'அழகி'க்குத் தாவிவிடுவோம்.

'அழகி'யில்தான் சண்டை உண்மையில் நடக்கிறது. தங்கரே எழுதிய 'கல்வெட்டு' சிறுகதைதான் படத்தின் மூலம். சண்முகமும் தனலட்சுமியும் பள்ளி நாட்களில் இருந்து ஒருவரை ஒருவர் நினைத்தவர்கள். அவன் படித்து நகரத்துக்குப் போய், வளர்மதியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு வசதியாக இருக்கிறான். தனலட்சுமி கணவனை இழந்து, மகனோடு சென்னையின் நடைபாதையில் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிடுகிறான். பிறகு அவள் அவன் வீட்டுக்கே வேலைக்காரியாக வந்து சேர்கிறாள்.

மற்ற இரண்டு படங்களிலும் பழைய காதல் வந்தால் மனம் மட்டும்தான் கலங்கும். இதில் அது பசியோடு வருகிறது. படுக்க இடம் வேண்டும், பையனுக்குப் படிப்பு வேண்டும், நாளைக்குச் சோறு வேண்டும். நினைவு என்பது அழகாக உட்கார்ந்து பெருமூச்சு விடும் விஷயமாக இல்லாமல், 'சரி, இப்போது என்ன செய்யப் போகிறாய்' என்று கேட்கும் விஷயமாக மாறிவிடுகிறது. சண்முகத்திடம் அதற்குச் சரியான பதில் இல்லை. பதில் இல்லாதவன் எப்படி முழிப்பான் என்பதைப் பார்த்திபன் நன்றாகவே காட்டியிருக்கிறார். வழக்கமான குறும்புப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு நடித்த படங்களில் இது ஒன்று.

அதைவிட முக்கியமானவர் தேவயானி. மூன்று படங்களிலும் 'இப்போதைய வாழ்க்கை' ஒரு முழு ஆளாக நடமாடுவது வளர்மதியில் மட்டும்தான். '96'இல் ஜானுவின் கணவர் கதைக்குள் ஓர் ஆளாக வருவதே இல்லை, சிங்கப்பூரிலேயே இருந்துவிடுகிறார். ராமுக்குக் கல்யாணமே இல்லை. ஆகவே யாரையும் புண்படுத்தாமல் இரவு முழுக்கச் சுற்ற முடிகிறது. திரைக்கதை வழியை முன்கூட்டியே சுத்தம் செய்து வைத்திருக்கிறது. 'அழகி'யில் அந்த வசதி கிடையாது. வளர்மதி நல்லவள், கணவன்மேல் பிரியம் உள்ளவள், தனலட்சுமியைத் தெரியாமலேயே அன்பாக நடத்துகிறவள். உண்மை தெரியும்போது அவளுக்கு வரும் வலியில் ஒரு துளி நியாயக்குறைவும் இல்லை. பார்க்கிற நமக்கு யார் பக்கம் சாய்வது என்றே தெரியாது.

இவ்வளவு பேசி நான் ஜெயித்துவிட்டதாக நினைக்கும்போதுதான் நெல்லிக்குப்பத்தானின் மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு கேள்வியைப் போட்டார். "மூணு படத்துலயும் ஆம்பளதான் ஞாபகம் வெச்சிக்கறான். தனலட்சுமி என்னா நெனச்சான்னு உங்க தங்கர் எங்கனா கேட்டாரா?"

யோசித்துப் பார்த்தால் நியாயமான அடி. நந்திதா தாஸ் அந்தப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்த மௌனம் பெரியது. ஒரு மாதம் கழித்து வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திலும் அவர் குறைந்த நேரத்தில் அதே கனத்தைக் கொடுத்தார். ஆனால் தனலட்சுமி பொறுத்துக்கொள்கிறாள், ஒதுங்கிக்கொள்கிறாள், கடைசியில் வீட்டை விட்டுப் போகிறாள். அவள் ஆசைப்பட்டது என்ன, அவளுக்குக் கோபம் வந்ததா என்பதை அவள் வாயால் நாம் கேட்பதில்லை. 'ஆட்டோகிராஃப்' பெண்களுக்கும் இதே கதிதான், அவர்கள் செந்தில் வரும்வரை காத்திருந்தது போலவே இருக்கிறார்கள்.

இந்த ஓர் இடத்தில் '96' தனியாக நிற்கிறது. ராமுக்குத் தெரியாத பாதிக் கதை ஜானுவிடம் இருக்கிறது. அவன் கல்லூரிக்குத் தேடி வந்ததும், அது அவளுக்குத் தவறாகப் போய்ச் சேர்ந்ததும் அந்த இரவில்தான் இருவருக்கும் தெரியவருகிறது. ராமின் மாணவிகள் அவளை மனைவி என்று நினைத்துக் கேட்கும்போது, நடக்காத ஒன்றை நடந்ததாக ஜானு சொல்லும் காட்சி இருக்கிறதே, அதில் பொய்யும் ஆசையும் முழுக்க அவளுடையவை. திரிஷா அந்த ஒரு காட்சியிலேயே படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அக்கா '96'க்கு ஓட்டுப் போட்டது இதற்காகத்தான். பாண்டி நண்பருக்குத் தலைகால் புரியவில்லை, இத்தனை நாள் அவர் 'யமுனை ஆற்றிலே' ஒன்றையே வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்.

இசையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம். 'ஆட்டோகிராஃப்'இல் பரத்வாஜ் மேடைக்கு, '96'இல் கோவிந்த் வசந்தா தனிமைக்கு, இளையராஜா 'அழகி'யில் மண்ணுக்கு. 'பாட்டுச் சொல்லிப் பாடச் சொல்லி' சாதனா சர்கத்துக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ஆனால் எனக்கு 'ஒளியிலே தெரிவது தேவதையா'தான். பவதாரிணியின் அந்தக் குரலை, அவர் இறந்த 2024 ஜனவரிக்குப் பிறகு முன்பு போல் கேட்க முடியவில்லை. 'பாரதி'யில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடியதற்காகத் தேசிய விருது வாங்கியவர். அந்தப் படத்துக்கும் ஒளிப்பதிவு தங்கர்தான்.

பண்ருட்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையைப் படித்தால் 'ஒன்பது ரூபாய் நோட்டு' எங்கே என்று கேட்பார்கள். 2007இல் வந்தது, சத்யராஜின் மாதவ படையாட்சி, தங்கரின் சொந்த நாவல். ஊரைப் பொறுத்தவரை 'அழகி'யைவிட ஆழமான படம் என்றே நானும் சொல்வேன். முந்திரியும் பலாவும் விளையும் எங்கள் செம்மண்ணைத் திரையில் அதுபோல் பார்த்ததில்லை. ஆனால் அது நிலத்தை இழந்தவன் கதை. இந்தப் பந்தயத்தில் சேர்க்க முடியாது. அதே வருடத்துப் 'பள்ளிக்கூட'த்தையும் சேர்க்கவில்லை. பழைய மாணவர்கள் கூடிப் பள்ளியைக் காப்பாற்றும் அந்தக் கதையில் காதல் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

எதை யாருக்குச் சொல்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்திருக்கிறது. வீட்டில் அம்மா, சித்தி, பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்காரும் விடுமுறை மதியத்துக்கு 'ஆட்டோகிராஃப்'. யாரும் எழுந்து போக மாட்டார்கள், நடுவில் பலகாரத்துக்கு நிறுத்தினாலும் குறை இல்லை. '96' ராத்திரியில், தனியாகப் பார்க்க வேண்டியது. 2018 தீபாவளிக்கு, அது தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சன் டிவியில் போட்டார்கள்; திரிஷாவே ஆட்சேபம் சொன்னார். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் படத்தை முதல்முறை பார்த்தவர்கள் இன்னொரு தடவை பார்த்தால்தான் கணக்கில் சேரும்.

'அழகி'யைக் கல்யாணமாகிப் பத்து வருடம் தாண்டியவர்களுக்குச் சொல்வேன், கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே பாருங்கள் என்று. வளர்மதிக்கு உண்மை தெரியும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். என் ஓட்டு 'அழகி'க்கு, ஒரே ஒரு கழிவோடு: அக்கா கேட்டதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. பாண்டி நண்பர் அந்தக் கழிவே போதும், படம் தோற்றது என்கிறார். நெல்லிக்குப்பத்தான் மனைவி பக்கம் சாய்வதா, மாவட்டத்தின் பக்கம் சாய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.