சூப்பர் 8 ஃபிலிமை வீட்டில் கழுவ: பக்கெட்டா, சுருள் தொட்டியா, கைப்பிடித் தொட்டியா?

சூப்பர் 8 என்பது 8 மி.மீ. அகல சினிமா ஃபிலிம். அதன் ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி, அதாவது 15 மீட்டர் ஃபிலிம் இருக்கிறது. வினாடிக்கு 18 ஃப்ரேம் வைத்து எடுத்தால் 3 நிமிடம் 20 வினாடி ஓடும். ஸ்டில் கேமரா ரோலைக் கழுவிப் பழகியவர்களுக்கு ரசாயனம் புதிதல்ல, இந்த நீளம்தான் புதிது. 15 மீட்டரிலும் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) ஒரே சீராகப் பட்டதா என்பதுதான் கேள்வி. மூன்று வழிகளையும் அதை வைத்தே எடை போடுகிறேன்.

பக்கெட்டுக்குச் செலவே இல்லை. கும்மிருட்டில் கார்ட்ரிட்ஜை உடைத்து, ஃபிலிமைத் தளர்வாக டெவலப்பரில் கொட்டி, கையுறை போட்ட கையால் அளைந்துகொண்டே இருக்க வேண்டும். ஃபிலிமோடு ஃபிலிம் ஒட்டிய இடத்தில் திட்டு விழும், கீறலும் நிச்சயம். கனடாவின் ஒன்டாரியோவில், மவுண்ட் ஃபாரஸ்ட் என்ற ஊரில் ஃபிலிப் ஹாஃப்மன் 1994 முதல் நடத்திவரும் பட்டறையில் இந்தக் கைவேலைத் தடத்தையே அழகாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் திரும்ப எடுக்க முடியாத காட்சி என்றால் பக்கெட் பக்கம் போகவே கூடாது.

கைப்பிடித் தொட்டியில் பெயர்பெற்றது அமெரிக்காவின் மோர்ஸ் ஜி-3. மூடிய பெட்டிக்குள் இரண்டு ரீல்; கைப்பிடியைச் சுழற்றினால் ஃபிலிம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வரும். 100 அடி வரை பிடிக்கும், கரைசலும் குறைவு. சூப்பர் 8-க்கு முந்தைய ஸ்டாண்டர்ட் 8 ஃபிலிம் கழுவும்போது 16 மி.மீ. அகலத்திலேயே இருப்பதால் இதில் உட்காரும். குறை என்னவென்றால், ரீலில் இறுகச் சுற்றியிருக்கும் ஃபிலிமுக்குப் புது டெவலப்பர் கிடைக்காது. இரண்டு ரீலுக்கும் நடுவே கடக்கும்போதுதான் கிடைக்கும். அதனால் நேரத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். கை வேகம் மாறினால் திரையில் வெளிச்சம் துடிக்கும்.

என் ஓட்டு சோவியத் லோமோ சுருள் தொட்டிக்குத்தான். இன்று பழையதாகத்தான் கிடைக்கும். சில மாடல்கள் 10 மீட்டர்தான் பிடிக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஃபிலிமின் ஒவ்வொரு சுற்றும் தனிப் பள்ளத்தில் நிற்பதால் இரண்டு பக்கமும் கரைசல் தாராளமாக ஓடும். சிரமமெல்லாம் ஏற்றுவதில்தான். சுருள் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும், ஒரு துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் வழியில் ஒட்டி நிற்கும். ஏற்றும்போது விரல் நுனியால் விளிம்பைத் தடவிக்கொண்டே வாருங்கள். பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் வழவழவென்று போகும். தவறினால் மேடு தட்டும். அங்கேயே நிறுத்தி, பின்வாங்கி, மறுபடி ஏற்ற வேண்டும். வீணான ஃபிலிம் ஒன்றை வெளிச்சத்தில் ஏற்றிப் பழகாமல் இருட்டுக்குள் போகாதீர்கள்.

ரிவர்சல் முறையில், அதாவது நெகட்டிவ் இல்லாமல் அதே ஃபிலிமிலேயே திரையிடும் படத்தை வரவைக்கும் முறையில், இந்தத் தொட்டியின் அருமை இன்னும் தெரியும். முதல் டெவலப்பர், பிளீச் (முதலில் வந்த படத்தைக் கரைப்பது), கிளியரிங் (பிளீச்சின் கறையை நீக்குவது) முடிந்ததும் ஃபிலிமுக்கு மறுபடி வெளிச்சம் காட்ட வேண்டும். லோமோவில் மூடியைத் திறந்து, சுருளைத் தண்ணீரில் வைத்து விளக்கைக் காட்டினால் போதும். மோர்ஸில் சுற்றிக் கிடக்கும் ஃபிலிமுக்குள் அப்படி வெளிச்சம் போகாது.

முதலில் கழுவ ட்ரை-எக்ஸ் கருப்பு வெள்ளை ரிவர்சல்தான் நல்லது. எக்டாக்ரோம் என்ற வண்ண ரிவர்சல் ஃபிலிமைக் கழுவும் ஈ-6 முறைக்கு முதல் டெவலப்பரை 38 டிகிரியில் பிடித்து வைக்க வேண்டும். பழைய விஷன்3 வண்ண நெகட்டிவின் பின்பக்கக் கரிப்பூச்சை 15 மீட்டருக்கும் துடைத்தெடுப்பது பெரும்பாடு. பரணில் கிடைத்த கோடாக்ரோம் என்ற பழைய வண்ண ஃபிலிமில் கருப்பு வெள்ளைப் படம் வரலாம், நிறம் வராது.

பிளீச்சுக்கு டைகுரோமேட் வேண்டாம், புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. பெர்மாங்கனேட் போதும். ஆனால் அது ஃபிலிமின் பூச்சை இளக்கிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் பூச்சு உரிந்தே வந்துவிடும். சென்னையில் மே மாதம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், நமக்கு வேண்டியது 20. கழுவும் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் தெர்மாமீட்டரில் பார்த்த பிறகு கார்ட்ரிட்ஜை உடையுங்கள்.