நான்கு நடையா, ஐந்து நடையா: ஐஸ்லாந்துக் குதிரை வாங்கியபோது நான் பார்த்தவை

ஸ்வீடனில் நான் வாங்க நினைத்த இரண்டு ஐஸ்லாந்துக் குதிரைகளில் ஒன்று நான்கு நடைப் பெட்டை. மற்றது ஐந்து நடை ஆண், காயடிக்கப்பட்டது. நான்கு நடை என்றால் சாதாரண நடை, மூலைக்கு மூலை கால்கள் இணைந்து வரும் டிராட், தாவித் தாவி ஓடும் கேன்டர், குலுங்காமல் ஒவ்வொரு காலாக வைத்து ஓடும் டோல்ட்; ஐந்து நடை என்றால் இவற்றோடு பேஸ் என்னும் வேக நடையும் சேரும். இரண்டுக்கும் ஏழு வயது. இரண்டும் இங்கேயே பிறந்தவை என்பதால், இறக்குமதிக் குதிரைகளை அதிகம் வாட்டும் கோடை அரிப்பு நோயைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

நடையின் வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே மரபணுதான் காரணம். டிஎம்ஆர்டி3 என்னும் அந்த மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்து மாற்றத்தை ஸ்வீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேஃப் ஆண்டர்சன் குழு 2012இல் வெளியிட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய வடிவைப் பெற்ற குதிரைக்குத்தான் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தே பாயும் பேஸ் நடை பொதுவாக அமையும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குதிரைக்கு டோல்ட் உண்டு. டிராட்டும் கேன்டரும் இன்னும் தெளிவாக இருக்கும். விற்கும்போது ஐந்து நடைக் குதிரைக்கே மவுசு அதிகம்.

ஆனால் முடியை அனுப்பிச் செய்யும் அந்த மரபணுப் பரிசோதனை, கால்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. இந்த இனத்தைப் பெரிதும் முடக்குவது பின்னங்காலின் ஹாக் மூட்டில் வரும் ஸ்பாவின் என்னும் தேய்மான நோய். ஐஸ்லாந்தில் 6 முதல் 12 வயது வரையிலான சவாரிக் குதிரைகளை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த ஆய்வில், ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் குதிரைகளில் அதன் அடையாளங்கள் தெரிந்தன. வயதோடு, எந்தப் பொலிகுதிரைக்குப் பிறந்தது என்பதும் மூட்டின் கோணமும் அதில் பங்கு வகித்தன. சேணமே ஏறாத இளங்குதிரைகளின் குருத்தெலும்பிலும் தொடக்கச் சிதைவு காணப்பட்டிருப்பதால், பழக்கியவர் எவ்வளவு பொறுமையாகப் பழக்கியிருந்தாலும் பிறப்பிலேயே வந்த பலவீனத்தை அவரால் முழுவதும் ஈடுகட்ட முடியாது. இந்தப் பலவீனம் பல மரபணுக்கள் சேர்ந்து தருவது என்பதால், ஒரு முடிக்கற்றையை அனுப்பி விடை பெற வழியில்லை. எக்ஸ்-ரேயையும் பெற்றோரின் பதிவையும்தான் நம்ப வேண்டும். இனவிருத்திக் காட்சிக்கு வரும் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பொலிகுதிரைகளின் ஹாக் எக்ஸ்-ரே முடிவு வேர்ல்டுஃபெங்கூர் என்னும் ஐஸ்லாந்துக் குதிரைகளின் உலகப் பதிவேட்டில் இருக்கும். வாங்குபவர்களில் பலர் நடைக்கான மதிப்பெண்ணோடு நின்றுவிடுகிறார்கள்; அந்தப் பக்கத்தையும் அவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

பெட்டையின் எக்ஸ்-ரே படங்கள் சுத்தமாக இருந்தன. அதன் தந்தையின் பதிவிலும் குறை இல்லை. ஆண் குதிரை கண்ணுக்குத் தெரியும்படி நொண்டவில்லை. காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டபோது முதல் சில அடிகள் மட்டும் தடுமாறின. படத்தில் அதன் கீழ் ஹாக் மூட்டின் இடைவெளி ஒரு பக்கம் குறுகியிருந்தது. அத்தகைய மூட்டு சில குதிரைகளில் காலப்போக்கில் இறுகி ஒட்டிக்கொண்டு வலி அடங்குவதும் உண்டு என்றாலும், அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். அதுவரை ஊசியும் ஓய்வும் சிறப்பு லாடமுமாகச் செலவு தொடரும்.

நான் பெட்டையை வாங்கினேன். அதில் சவாரி செய்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால், பதினைந்து வயதில் அதன் கால்கள் எப்படி இருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். பேஸ் பந்தயத்தில் நான் ஓட்டியதும் இல்லை. 250 மீட்டர் ஓட்டம்தான் உங்கள் இலக்கு என்றால் ஐந்து நடைக் குதிரையைத் தவிர வேறு வழி இல்லை. எக்ஸ்-ரே படங்கள் மட்டும் இடம் மாறியிருந்தால், பேஸ் எனக்குத் தேவைப்படாதபோதும் அந்த ஆண் குதிரையைத்தான் வீட்டுக்கு ஓட்டி வந்திருப்பேன்.