பழைய எண்டேவர் 3.2: ஆபீசுக்கும் இமாச்சல் மலைல இருக்கற ஸ்பிட்டிக்கும் ஒரே வண்டி வேணும்னா

செகண்ட் ஹேண்ட்ல ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு வீலுக்கும் பவர் போற வண்டி, தேடுற எல்லாரும் மஹிந்திரா தார்ல ஆரம்பிச்சு டொயோட்டா ஃபார்ச்சூனர்ல போய் நிக்கிறாங்க, நடுவுல இருக்குற ஒரு அருமையான வண்டிய கண்டுக்கறதே இல்ல. 2016 ஜனவரில இருந்து 2020 ஆரம்பம் வரைக்கும் வித்த ஃபோர்டு எண்டேவர் 3.2, அதைத்தான் சொல்றேன். நம்ம மறைமலை நகர்ல செஞ்ச வண்டி. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி தினமும் சென்னை டிராஃபிக்ல ஓட்டுறேன், லீவு கிடைச்சா மலைக்கு ஏத்துறேன், அந்த காசுக்கு இதைவிட நல்லது கிடையாதுன்னு முழு மனசா சொல்வேன். ஆனா பாக்காம வாங்கிடக்கூடாது, எங்க பாக்கணும்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கங்க. இங்கருந்து ஸ்பிட்டி போற வழில இருக்கற மணாலி போய்ச் சேரவே 2,500 கிலோமீட்டருக்கு மேல, அதுல முக்காவாசி நாலு வழிச்சாலை, நாள் பூரா ஸ்டீரிங் பிடிச்சு உக்காந்திருக்கணும், கரடுமுரடான ரோடு வர்றது கடைசிலதான். அப்போ முதுகு உடையாம, பின்னாடி உக்காந்திருக்கற வீட்டுக்காரங்க சண்டை போடாம கொண்டுபோய் சேக்குற வண்டிதான் நெடும்பயணத்துக்கான எக்ஸ்பெடிஷன் வண்டி. மாருதி ஜிப்ஸி சின்னது, லேசு, எங்க வேணா ஏறும், மறுக்கவே மாட்டேன், ஆனா அதுல நாக்பூர் தாண்டுறதுக்குள்ள உடம்பு விட்டுப்போயிடும். 2020ல வந்த புது தார் ரொம்ப நல்ல வண்டி, ஆனா மூணு டோர், பின் சீட்டுக்கு முன்னாடி சீட்ட மடிச்சு ஏறணும், அந்த சீட்டுல ஆள் உக்காந்தா டிக்கில சாமான் வைக்க இடமே இல்ல, நாலு பேர் குடும்பத்துக்கு அது ஆகாது. இசூசு வி-கிராஸ் உழைக்கும், நம்பலாம், ஆனா நீளம் 5.3 மீட்டர் கிட்ட வருது, பின்னாடி பட்டை பட்டையா அடுக்குன லீஃப் ஸ்பிரிங், காலியா ஓட்டுனா ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போடும். டாடா சஃபாரி ஸ்டோர்ம்ல 400 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை) எஞ்சினோட வந்தது பட்ஜெட் கம்மியா இருக்கறவங்களுக்கு என்னோட ரெண்டாவது சாய்ஸ். ஃபார்ச்சூனர் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, ஆனா ரீசேல் வேல்யூ நல்லா இருக்கற வண்டிய பழசா வாங்குறவன்தான் அந்த வேல்யூவுக்கு காசு கட்டுறான், அதே வருஷத்து எண்டேவர் லட்சக்கணக்குல கம்மியா கிடைக்குது.

எஞ்சின் 3198 சிசி, அஞ்சு சிலிண்டர், 200 குதிரை சக்தி, 470 நியூட்டன் மீட்டர், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். அந்த அஞ்சு சிலிண்டர் சத்தமே தனி, கொஞ்சம் உறுமலா இருக்கும், எனக்கு ரொம்ப பிடிக்கும். பின்னாடி காயில் ஸ்பிரிங், அச்சு பக்கவாட்டுல நகராம பிடிக்கற வாட்ஸ் லிங்கேஜ், லாரி மாதிரி ஏணி வடிவ சட்டம் வச்ச லேடர் ஃப்ரேம் வண்டின்னு சொன்னா நம்ப முடியாத அளவுக்கு ஹைவேல அலைபாயாம போகும். ஸ்டீரிங் எலக்ட்ரிக், தி.நகர் சந்துல திருப்புறப்போ ஒரு கை போதும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 225 மில்லிமீட்டர், தண்ணில 800 மில்லிமீட்டர் வரைக்கும் போலாம்னு கம்பெனியே சொல்லுது. மெதுவா, முழு இழுவையோட ஏறுறதுக்கான லோ ரேஞ்ச் கியர் இருக்கு, ரெண்டு பின் வீலும் ஒண்ணா சுத்த வைக்கற டிஃபரன்ஷியல் லாக் இருக்கு.

இதோட ஃபோர் பை ஃபோர் சிஸ்டம்தான் தினசரி ஓட்டுறதுக்கு ஏத்தது, ஏன்னு சொல்றேன். தார், வி-கிராஸ் மாதிரி பார்ட் டைம் சிஸ்டத்துல நாலு வீலும் பூட்டிக்கிட்டா முன்னும் பின்னும் ஒரே வேகத்துல சுத்தும், காஞ்ச ரோட்டுல அப்படியே திருப்புனா வீலுக்கு பவர் கொண்டுபோற டிரைவ்லைன் முறுக்கிக்கும், அதனால மழைல போட்டு எடுத்து போட்டு எடுத்துன்னு இருக்கணும். எண்டேவர்ல தேவைப்படுற அளவுக்கு முன் வீலுக்கு பவர அதுவே அனுப்பிக்கும், மழை நாள்ல ஜிஎஸ்டி ரோட்ல நீங்க எதையும் தொட வேண்டாம். ஆனா இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை இருக்கு, நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானமா இருக்கணும். முன்னாடி ரெண்டு புதுசு, பின்னாடி ரெண்டு மொட்டைன்னு யாராவது ஓட்டியிருந்தா சுத்தளவு வித்தியாசத்தால, பவர முன்னும் பின்னும் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாம வேலை செஞ்சு தேயும். அதனால பழைய வண்டி விக்கிற யார்டுக்கு போனதும் பெயிண்ட் பாக்காதீங்க, குனிஞ்சு டயர் பக்கவாட்டுல இருக்கற நாலு நம்பரப் பாருங்க, 2318னு இருந்தா 2018ல 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம், நாலுலயும் பாருங்க, ஸ்டெப்னிலயும் பாருங்க.

அடுத்து, எண்டேவர்னா எல்லாமே ஃபோர் பை ஃபோர்னு நெனச்சுக்காதீங்க. 2.2 எஞ்சின் வண்டில பெரும்பாலானது பின் வீல் மட்டும் சுத்துறது, வெளிய பாத்தா வித்தியாசம் தெரியாது, பேட்ஜ் யாரு வேணா ஒட்டலாம். கியர் பக்கத்துல மணல், சேறு, பாறைன்னு படம் போட்ட வட்ட திருகு இருக்கணும், வண்டிக்கு கீழ டார்ச் அடிச்சா டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன்பக்கம் ஒரு ஷாஃப்ட் போகணும். அப்புறம் மண் தரை இருக்கற இடத்துக்கு ஓட்டிட்டுப் போய் நிறுத்தி, நியூட்ரல் போட்டு லோ ரேஞ்ச் பட்டன அழுத்துங்க, மீட்டர்ல விளக்கு மினுக்கி நின்னு எரியணும், மினுக்கிக்கிட்டே இருந்தா அந்த வண்டி வேண்டாம். வருஷக்கணக்கா லோ ரேஞ்சயே தொடாத ஓனர்ங்கதான் ஜாஸ்தி, அவங்களுக்கே அது வேலை செய்யுதான்னு தெரியாது.

சென்னை வண்டில வெள்ளம் பாக்காம வாங்கவே கூடாது. 2023 டிசம்பர் மிச்சாங் புயல்ல முங்குன வண்டிங்க சுத்தம் பண்ணி, பாலிஷ் போட்டு ஊர் ஊரா போயிருக்கு. நான் ஒரு யார்டுல பளபளன்னு இருந்த வண்டில பின் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தேன், வெளிய இருந்த பாதி புது பெல்ட் மாதிரி, உள்ள சுருண்டிருந்த பாதில ஒரு கோடு மாதிரி காஞ்ச சேறு, தொட்டா மாவா உதிருது. அத்தோட கிளம்பிட்டேன். சீட்ட தள்ளி ரெயில்ல துரு இருக்கான்னு பாருங்க, கார்பெட் ஓரத்த தூக்கி வயர் கனெக்டர்ல பச்சை படிஞ்சிருக்கான்னு பாருங்க. ஈசிஆர் பக்கம் கடல் காத்துலயே நின்ன வண்டின்னா சேஸ்ஸோட உள்பக்கத்த ஸ்க்ரூடிரைவர் பின்னால தட்டிப் பாருங்க.

இந்த 3.2 எஞ்சின்ல இன்னொரு முக்கியமான விஷயம், ஆயில் மாத்துறது. இதோட ஆயில் பம்ப் வேற டைப். பழைய ஆயில வடிச்சதும் பத்து நிமிஷத்துக்குள்ள புது ஆயில் ஊத்திடணும், ரொம்ப நேரம் காலியா விட்டா பம்ப்ல இருக்கற ஆயிலும் இறங்கி, ஸ்டார்ட் பண்றப்போ பம்ப் இழுக்காது, எஞ்சின் காஞ்சு ஓடி போயிடும். நம்ம ஊர் மெக்கானிக்குங்க நல்ல மனசோடதான் பிளக்க கழட்டிட்டு நல்லா வடியட்டும்னு டீ குடிக்கப் போவாங்க, வேற வண்டிக்கு அது நல்ல பழக்கம், இதுக்கு ஆகாது. அதனால ஆயில் யாரு மாத்துனாங்கன்னு கேளுங்க, பில் இருக்கற வண்டிக்கு ஐம்பதாயிரம் கூட குடுத்தாலும் தப்பில்ல. கூலண்ட் டேங்க எஞ்சின் ஆறியிருக்கறப்போ பாருங்க, கீழ ஒழுகாமயே லெவல் குறையுதுன்னா எஞ்சின் புகைல ஒரு பங்க திருப்பி உள்ள விடறதுக்கு முன்னாடி ஆறவைக்கற ஈஜிஆர் கூலர் மேல சந்தேகப்படணும், பெரிய செலவு அது.

ஃபோர்டு போயிடுச்சே, பார்ட்ஸ் கிடைக்குமான்னு எல்லாரும் கேக்குறாங்க. 2021 செப்டம்பர்ல இந்தியால உற்பத்திய நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, சர்வீசும் பார்ட்ஸும் தொடரும்னும் சொன்னாங்க. இதே வண்டி தாய்லாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கால எவரெஸ்ட்னு ஓடுது, ரேஞ்சர் பிக்கப்பும் இதே பிளாட்ஃபார்ம்தான், அதனால எஞ்சின், சஸ்பென்ஷன் சாமானுக்கு பஞ்சம் இருக்காது. ஹெட்லைட், பம்பர் மாதிரி பாடி பார்ட்ஸுக்கு காத்திருக்க வேண்டி வரலாம், அதனால வாங்குறப்பவே உடையாத வண்டியா பாத்து எடுங்க. இந்த பயத்துனாலதான் விலை இறங்கியிருக்கு, அந்த பயம் உங்களுக்கு இல்லன்னா லாபம் உங்களுக்கு.

டெல்லி வண்டி சீப்பா வருதேன்னு ஆசை வரும். அங்க டீசல் வண்டிக்கு 10 வருஷம்ங்கற கட்டுப்பாடு 2015 பசுமைத் தீர்ப்பாய உத்தரவுல இருந்து வந்தது, கோர்ட்ல அது எப்படி எப்படியோ போனாலும் அந்த பயத்துலயே ஓனருங்க வித்துடறாங்க, 2016 வண்டிங்க இப்போ அந்த வயசுக்கு வந்தாச்சு. நல்ல வண்டி நிஜமாவே கிடைக்குது. ஆனா என்ஓசி வாங்கணும், லோன் இருந்தா ஆர்சில இருந்து அடிக்கணும், இங்க மறுபடி ஆயுள் வரி கட்டணும், இதையெல்லாம் கூட்டி நம்ம ஊர் வண்டி விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க, எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னும் பாத்துடுங்க.

இவ்ளோ பாத்து வாங்குனா என்ன கிடைக்கும்? ஸ்பிட்டி போற வழில கிராம்பூ தாண்டி சத்ரு, பாதல் வரைக்கும் ரோடுன்னு ஒன்னு இல்ல, ஆத்துக் கல்லுதான், நடுநடுவுல பனி உருகி ஓடுற ஓடை. காலைல முழங்காலுக்கு கீழ ஓடுற தண்ணி மத்தியானம் வெயில் ஏறுனதும் பொங்கிடும், அதனால விடியக்காலைலயே கடக்கணும். அங்க லோ ரேஞ்ச் போட்டு ஆக்சிலேட்டர்ல கால் வச்ச மாதிரியும் வைக்காத மாதிரியும் விட்டா வண்டி ஒவ்வொரு கல்லா ஏறி இறங்கும், உள்ள அம்மா தூங்கிட்டு வந்தாங்க. மணாலி லே ரோட்ல தாண்டிங்கற ஊர் பெட்ரோல் பங்க்ல அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு போர்டே வச்சிருந்தாங்க, 80 லிட்டர் டேங்க் நிரப்பிட்டா கேன் தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல.

குறைன்னா டீசல்தான். சிட்டில எனக்கு லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தாண்டுறது அபூர்வம், ஹைவேல நிதானமா போனா 11. அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல 4.9 மீட்டர் நீளம் நுழையுமான்னு டேப் வச்சு அளந்துட்டு வாங்குங்க. தினம் அஞ்சு கிலோமீட்டர்தான் ஓடுவீங்கன்னா இந்த வண்டி வேண்டவே வேண்டாம், எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடும், பெரிய டீசலுக்கு அது கெடுதல்.

வாங்குனதும் முன் பம்பர்ல இரும்பு புல்பார் (தடுப்புக் கம்பி) மாட்டாதீங்க. 2017 டிசம்பர்ல மத்திய அரசு அதை தடை பண்ணியாச்சு, டைட்டானியம்ங்கற மேல் மாடல்ல 7 ஏர்பேக் இருக்கறப்போ அது சரியா விரியறதையும் கெடுக்கும். அந்த காசுக்கு ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஏத்த நல்ல ஆல் டெரைன் டயர் நாலு, ஒரு காத்தடிக்கற கம்ப்ரஸர், ஒரு இழுவை கயிறு வாங்குங்க. மூணாறு பக்கம் இருக்கற கொழுக்குமலை போகணும்னா மட்டும் வண்டிய சூரியநெல்லில விட்டுட்டு லோக்கல் ஜீப்ல ஏறிக்கங்க, அங்க சொந்த வண்டிய மேல விட மாட்டாங்க.