கச்சான் வெப்பக்காற்றுக்கும் மாரிகால வாடைக்கும் நின்றுபிடிக்கும் மரப்பூச்சு எது?

நஞ்சு குறைந்த பூச்சு என்றதும் கிழக்கிலங்கையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பலரும் முதலில் கேட்பது லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்)தான். அதைப் பூசி இரண்டு மாரி கண்ட யன்னல் நிலையைப் போய்ப் பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி இருக்கும். அழுக்கென்று தேய்ப்பார்கள், அது பூஞ்சணம். பதப்படுத்தாத லின்சீட் ஒயில் காயவே நாட்கணக்காகும், புழுக்கத்தில் இன்னும் இழுக்கும். அதற்குள் ஈரம் முந்திவிடும். தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம்: காயவே காயாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

அறைக்கதவு, அலுமாரிக்கு, நஞ்சு குறைந்தவற்றில் தண்ணீர் கலந்த வோட்டர்பேஸ் வார்னிஷ்தான் நீண்டகாலம் நிற்கிறது. டின்னில் உள்ள பச்சை இலைப் படத்தை நம்பவேண்டாம், வி.ஓ.சி. (பூச்சிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) அளவைத் தேடுங்கள். ஐரோப்பிய வரம்பில் நீர்வகை மரவார்னிஷுக்கு லீற்றருக்கு 130 கிராம், தின்னர் வகைக்கு 400. ஐம்பதுக்குக் கீழே கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

7க்கு 3 அடிக் கதவின் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 4 சதுர மீற்றர். மூன்று பூச்சுக்கு ஒன்றேகால் லீற்றர் போதும். முதலில் ஈரச்சீலையால் மரத்தைத் துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை 220 இலக்க மண்கடதாசியால் தேயுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் பூச்சே முள்முள்ளாக நிற்கும். ஸ்டீல்வூல் வேண்டாம், அதன் துணுக்கு ஈரத்தில் கறள் பிடித்துக் கறுப்புப் பொட்டு விழும். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஸ்பிரிட்டால் துடைத்து, அது பறந்ததும் பூசவேண்டும். இல்லாவிட்டால் தோல் உரிவதுபோல் உரியும்.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். கச்சான் வீசும் மதியத்தில் தூரிகையை இழுக்குமுன்பே பூச்சு காய்ந்துவிடும், கோடுகோடாக நிற்கும், மணலும் ஒட்டும். காலை பத்து மணிக்கு முன் முடியுங்கள். மாரியிலோ பூச்சு பால்நிறமாக மங்கும்; அந்த மாதங்களில் ஓடாவியார் (தச்சர்) அவசரப்படுத்தினாலும் பொறுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் முழுதாக இறுக இரண்டு, மூன்று கிழமை செல்லும். அதுவரை கதவில் ஈரத்துவாய் தொங்கவிடாதீர்கள்.

அரக்குப் பொலிஷ் அழகில் எல்லாவற்றையும் வெல்லும், ஆனால் சுடுதேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். சாமிப்படச் சட்டத்துக்குச் சரி, சாப்பாட்டு மேசைக்கு இல்லை.

நிறத்துக்கு மலிவான வழி உண்டு. அரை லீற்றர் வினாகிரியில் ஸ்டீல்வூல் துண்டொன்றை மூன்று நாள் ஊறவைத்து வடியுங்கள், மூடியை இறுக்கவேண்டாம். மரத்தில் கடும் சாயத்தேநீர் பூசிக் காயவிட்டு, மேலே இதைத் தடவினால் சில நிமிடத்தில் சாம்பல்கறுப்பு ஏறும். துண்டுப்பலகையில் முதலில் பாருங்கள், கறுத்தால் திரும்பாது. மஞ்சள் நீரில் நிறமேற்றுவது வெயிலில் வெளிறிப்போகும்.

வெளி யன்னலில் நிறமில்லாத வார்னிஷ் நீண்டகாலம் நிற்காது. வெயில் அதை ஊடுருவி அடியிலுள்ள மரத்தைச் சிதைக்க, மேற்படை செதிலாக எழும்பும். நிறமி கலந்த, மெல்லிய வோட்டர்பேஸ் ஸ்டெயினை (மரச்சாயத்தை) பூசி, மாரிக்கு முன் ஒவ்வொரு வருடமும் ஒரு கைப் புதுப்பிக்கவேண்டும்.

லின்சீட் துடைத்த சீலையைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் போட்டு, விறைத்தபிறகு வீசுங்கள்.