பத்மினியில் இறங்காத ஐட்லிங்: பழைய சோலெக்ஸோடு சில வருடங்கள்

ப்ரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சிக்னலில் வண்டி அணைந்துபோகிறது என்று புலம்புவார்கள். என் வண்டிக்கு நேர் எதிர் வியாதி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ரேஸ் (என்ஜின் வேகம்) இறங்காது. எண்பதுகளில் வந்த வண்டி, 1089 சிசி, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு விட ஒரே ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் சாதுவாக இருக்கும். என்ஜின் சூடாகி நாலு சிக்னல் தாண்டியதும் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், முதல் கியர் போட்டால் கரகரவென்று சத்தம். சாவியை அணைத்த பிறகும் என்ஜின் தடதடவென்று சில நொடி தானாக ஓடும், அதுதான் அக்கம்பக்கத்தார் முன்னால் மானத்தை வாங்கியது. பட்டர்ஃபிளை, அதாவது கார்புரேட்டரில் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு, முழுசாக மூடாமல் காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும்.

வண்டியைக் காட்டிய இடத்திலெல்லாம் முதலில் ஸ்குரூடிரைவர் போனது ஐட்லிங் ஸ்குரூவுக்குத்தான் (காலை எடுத்த பிறகு என்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று வைப்பது இது). கொஞ்சம் தளர்த்துவார்கள், அப்போதைக்கு இறங்கும், மறுநாள் காலையில் குளிர்ந்த என்ஜின் ஐட்லிங்கில் ஓடாமல் அணையும், மறுபடி ஏற்றுவார்கள். எனக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கையே கிடையாது. ஆனால் அதே ஸ்குரூவை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். சூடான என்ஜினில் அதை முழுக்கப் பின்னால் எடுத்துவிடுங்கள். நல்ல கார்புரேட்டர் என்றால் வண்டி அணைய வேண்டும். என் வண்டி அணையவில்லை, பாட்டுக்கு நிமிடத்துக்கு 1200 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடியது (பத்மினியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, பிளக் வயரில் சுற்றுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்). அப்படியானால் ஒன்று பட்டர்ஃபிளையை வேறு ஏதோ திறந்து பிடித்திருக்கிறது, இல்லை வேறு வழியில் ஏர் இழுக்கிறது.

பிடித்திருப்பது எது என்று பார்ப்பது சுலபம். ஆக்சிலரேட்டர் ராடை கார்புரேட்டரிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. என்ஜின் மவுண்ட் ரப்பர் அமுங்கிய வண்டிகளில் இந்த ராடே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்தது சோக், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவுவது. சோலெக்ஸில் தனியாக ஒரு வட்டத் தகடு திரும்பி, கூடுதல் பெட்ரோலும் காற்றும் விடுகிற ஏற்பாடு. கேபிள் துருப்பிடித்து நாப் முழுசாக உள்ளே போகாவிட்டால் பாதி சோக்கிலேயே வண்டி ஓடும். என்னுடையதில் கொஞ்சம் பிடித்தது, கேபிளை மாற்றினேன், 100 ஆர்பிஎம் போலக் குறைந்தது. முக்கியக் குற்றவாளி இது இல்லை.

அப்புறம் ஸ்ப்ரே. கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இருக்கும் கேஸ்கெட் பக்கம் அடித்தால், கசிவு இருக்கிற இடத்தில் என்ஜின் சத்தம் சட்டென்று மாறும். எரிகிற சமாச்சாரம், எக்சாஸ்ட் பக்கமோ பிளக் வயர் பக்கமோ படக் கூடாது. கேஸ்கெட்டில் ஒன்றும் இல்லை. பட்டர்ஃபிளை ஷாஃப்ட் பாடிக்குள் நுழைகிற இடத்தில் அடித்ததும் ரேஸ் தள்ளாடியது. வண்டியை நிறுத்தி ஷாஃப்டின் நுனியை விரலால் ஆட்டினால் மேலும் கீழும் நன்றாகவே ஆடியது. எஃகு ஷாஃப்ட், மெத்தென்ற கலப்பு உலோக பாடி, இத்தனை வருடம் உரசினால் ஓட்டை முட்டை வடிவமாகத்தான் ஆகும். ஷாஃப்ட் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் போய் உட்காருவதால்தான் ஒரு சிக்னலில் 1000, அடுத்ததில் 1500. எண் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

புது கார்புரேட்டர் ஒன்றை சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் வாங்கிப் போட்டும் பார்த்தேன். டூப்ளிகேட். ஐட்லிங் சரியானது, மைலேஜ் போனது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டில் போட்டிருந்த எண்ணை நம்ப முடியவில்லை. கழற்றி வைத்துவிட்டு பழைய பாடியையே லேத்துக்குக் கொண்டுபோய் ஷாஃப்ட் ஓட்டைகளுக்கு வெண்கல புஷ் (உள்வளையம்) போட்டேன். செலவு புதியதில் பாதி கூட இல்லை. இரண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (ஓட்டையைத் துல்லியமாக்கும் கருவி) ஓட்டச் சொல்லுங்கள், தனித்தனியாகத் துளைத்தால் ஷாஃப்ட் இறுகும், பட்டர்ஃபிளை கடைசி இழை மூடாது, பழைய கதைதான். அடித்தட்டு வளைந்திருந்ததால் கண்ணாடி மேல் எமரி தாளை விரித்துத் தேய்த்தும் சமமாக்கினோம். நட்டை அளவுக்கு மீறி முறுக்குவதால் வருகிற வளைவு அது.

இன்னொன்று பாக்கி இருந்தது. ஐட்லிங் இறங்கியது, ஆனால் மெதுவாக. கார்புரேட்டரில் தேடாமல், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தோம். பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் எடைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் திரும்பவில்லை, டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) அட்வான்ஸிலேயே, அதாவது முந்தியே, நின்றது. கழுவி ஒரு சொட்டு எண்ணெய், ஒரு ஸ்பிரிங் மாற்றம். அதற்குப் பிறகு டைமிங்கைச் சரிபார்த்து, மிக்சரை (பெட்ரோல்-காற்று கலவையை) சரியாக வைத்து, கடைசியாகத்தான் ஐட்லிங் ஸ்குரூவைத் தொட்டது.

அதிலிருந்து சூட்டிலும் 800 பக்கம் நிற்கிறது, சாவியைத் திருப்பினால் உடனே அணைகிறது. ஏசி இல்லாத வண்டிக்கு இது போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மிக்சர் கொஞ்சம் வறண்டது போல ஐட்லிங் தடுமாறியது, மிக்சர் ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே எடுத்ததும் சரி. சோக் நாபை மட்டும் இன்னமும் கடைசி அரை இஞ்சு கையால் தள்ளித்தான் விடுகிறேன்.